குலுங்காமல் கிளம்பிய ரயில்

எனக்குப் பயப்படத் தெரியும். வேறு எதுவும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வில்லியனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். கால் மெஷினை மிதிக்கும், கை துணியை நகர்த்தும், மனசு மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். கேஸை மூடினோமா? மகள் ஸ்கூல் வேனில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருப்பாளா? கம்பெனிக்கு பைக்கில் போன மனுஷன் ஹெல்மெட்டைத் தலையில் போட்டாரா, டேங்க் மேலே வைத்துக்கொண்டு போனாரா?

"நடக்காததுக்கெல்லாம் நீ கவலைப்பட்டு முடிச்சிடுற. நடக்கப்போறதுக்கு யாருடி கவலைப்படுறது?" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். நானும் சிரிப்பேன். அந்தக் கேலி ஒருநாள் என் எதிரில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

அவருடைய அக்கா விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். எனக்கு நாத்தனார். பிறந்த வீட்டைப் பார்க்க அடிக்கடி வருவார். வரும்போது ஒரு கைப்பை, போகும்போது இரண்டு மூன்று கட்டைப்பை. கொல்லையில் இருக்கிற மாமரமும் முருங்கையும் அவர் சின்ன வயசில் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அதனால் பறித்து எடுத்துப் போவதில் யாரும் வாயைத் திறக்க முடியாது. பஸ் அவருக்கு ஆகாது, கண்டமங்கலம் தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிடும். ரயில்தான். முட்டி வலி வேறு. பைகளை ஏற்றிவிட ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எங்கள் வீட்டில் ஏற்றிவிடுவது என்றால் பையை வைத்துவிட்டு இறங்கி வருவது இல்லை. கூட உட்கார்ந்து பேச வேண்டும். ரயில் நகரும்வரை பேச வேண்டும். ஒருமுறை அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த ஞாபகத்தில் நான் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் தம்பிக்கு போன் போய்விட்டது. "எப்படா இவ தொலைவாள்னு இருந்திருக்கா உன் பொண்டாட்டி. பையை வச்சா, குதிச்சா." அந்தப் பேச்சு பொங்கல்வரை ஓடியது.

பழைய ரயில் இந்த வழக்கத்துக்குத் தோதாக இருந்தது. நீலப் பெட்டிகள், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, உட்கார்ந்தால் புடவையில் ஒட்டிக்கொள்கிற சீட்டு. அந்தப் பெட்டிகளுக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அது கிளம்புகிற விதம் எங்களுக்கு மனப்பாடம். முதலில் இன்ஜின் ஊதும். ஊதினாலும் உடனே போகாது. அப்புறம் முன்னால் எங்கேயோ தடக் என்று ஒரு சத்தம். அந்தத் தடக் பெட்டிக்குப் பெட்டி தாவி நம்மிடம் வரும். வந்ததும் உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையெல்லாம் ஒரு ஆட்டம் ஆடும். "சரிங்க அண்ணி, பாத்துப் போங்க" என்று எழுந்து, நிதானமாக நடந்து, இறங்கி, ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தும் வரலாம். என் நாத்தனார் எந்த விஷயத்துக்காக வந்தாரோ அதை அந்தத் தடக்குக்கு அப்புறம்தான் சொல்வார். வீட்டில் ஒரு நாள் முழுக்க இருப்பார், ஊர்க்கதை எல்லாம் பேசுவார். சொந்தக் கதை மட்டும் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக வரும்.

மகளை நான் பெட்டிக்குள் ஏற்றுவதில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயசு. ஏறினால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாள், நான் இழுப்பேன், அதற்குள் ரயில் கிளம்பும், கால் இடுக்கில் போகும். இதையெல்லாம் நான் முன்கூட்டியே மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் பிளாட்பாரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்ட் மேடையில் அவளை உட்காரவைத்து, கையில் என் போனைக் கொடுத்து, கார்ட்டூன் போட்டுவிடுவேன். "தடக்குன்னு சத்தம் வந்ததும் அம்மா வந்துடுவேன். எழுந்திருக்காத" என்பேன். எழுந்திருக்க மாட்டாள். போன் கையில் இருந்தால் மழை பெய்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

புது ரயில் வரப்போகிறது என்ற பேச்சு தெருவில் முதலில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா புதுச்சேரி போய்வந்து கதை கதையாகச் சொன்னார்.

"பெட்டி பூரா பளபளன்னு சில்வர் பாத்திரமாட்டம் இருக்குது. கேமரா வச்சிருக்கான். அடுத்த ஸ்டேஷன் இன்னான்னு அதுவே சொல்லுது. இன்ஜினே இல்லடி, ரெண்டு பக்கமும் மூஞ்சிதான்."

"இன்ஜின் இல்லாம எப்படிக்கா போகும்?"

"அது போகுதே. நானா தள்ளினேன்?"

மெமு என்று அதற்குப் பேர். எனக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. கதவு பற்றித்தான் கேட்டேன். கதவு தானாக மூடிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதாக அக்கா சொன்னார். அவ்வளவுதான். மகளின் விரல் அந்தக் கதவில் மாட்டுவதை அன்று மெஷினில் உட்கார்ந்தபடி எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பழைய ரயிலிலாவது ஏற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பேன். புது ரயில் பக்கத்திலேயே அவளை விடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த முடிவோடுதான் அன்று ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்கூல் லீவு, மாங்காய்க் காலம். வெயில் ஏறிவிட்டது. நாத்தனாரிடம் மூன்று பை, அதில் ஒன்று முழுக்க மாங்காய். மகளை வழக்கம்போல மர மேடையில் உட்காரவைத்தேன். போன் திரையில் வெயில் அடிக்கிறது என்று அவள் திரும்பி, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, வெளிவாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். மஞ்சள் ஃபிராக், நான் தைத்தது. முதுகில் முடிச்சுப் போட்ட நாடா. "தடக்குன்னு சத்தம் வந்ததும் வந்துடுவேன்" என்றேன். தலையைக்கூட ஆட்டவில்லை.

ரயில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பொய் இல்லை, பளபளவென்றுதான் இருந்தது. கதவு தானாக எல்லாம் மூடவில்லை, பெரிய அகலக் கதவு, திறந்தே கிடந்தது. உள்ளே ஏறியதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காற்றாடி ஓடுகிறது, தரை சுத்தமாக இருக்கிறது, ஜன்னல் பெரியதாக இருக்கிறது. நாத்தனார் சீட்டைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான். உக்காருடி" என்றார். உட்கார்ந்தேன். பைகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

ஊதல் சத்தம் கேட்டது. கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊதினால் உடனே போகாதே. தடக் வர வேண்டுமே.

நாத்தனாரும் அதே கணக்கில்தான் இருந்திருப்பார். ஊதல் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தம்பிகிட்ட சொல்லாத. எனக்கு ஒரு கண்ணு சரியாவே தெரியல. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குது. உங்கிட்ட சொல்லலாம்னுதான் போன் பண்ணிட்டே இருந்தேன். நீ எடுக்கவே மாட்டேங்குற."

 போன் எடுக்காதது உண்மை. அதை அப்புறம் சொல்கிறேன். "ஐயோ, ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல" என்று கேட்டபடி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். மரம் போய்க்கொண்டிருந்தது.

மரம் எப்படிப் போகும் என்றுதான் முதலில் தோன்றியது. மரம், மேடை, மேடையில் மஞ்சள் ஃபிராக், முதுகில் நாடா முடிச்சு, குனிந்த தலை. எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. ஒரு தலையும் ஆடவில்லை. சீட்டு குலுங்கவில்லை. என் உடம்பு நின்ற இடத்திலேயே இருப்பதாகச் சொல்கிறது. கண் மட்டும் வேறு சொல்கிறது.

எழுந்து கதவுக்கு ஓடினேன். வீட்டில் நான் வேகமாக நடந்தது கூடக் கிடையாது. கதவுக்குப் போவதற்குள் பிளாட்பாரம் சரிந்து முடிந்துவிட்டது. கீழே ஜல்லி. ஜல்லிக் கற்கள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே சாம்பல் கோடாக ஓடின. பழைய ரயில் அந்த இடத்தில் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும். இது அதற்குள் அப்படிப் போகிறது. நான் குதிக்கப் போனேன். யோசித்துக் குதிக்கப் போகவில்லை. கால் தானாக வெளியே போயிற்று.

பின்னால் புடவை இழுத்தது. நாத்தனார் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கதவோரம் நின்ற காலேஜ் பெண் ஒருத்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பொண்ணு! என் பொண்ணு அங்க இருக்குது! விடுங்க!"

"குதிச்சி செத்துட்டினா பொண்ணுக்கு யாருடி இருக்குறது?" என்று நாத்தனார் கத்தினார். முட்டி வலி என்று படி ஏறாதவர், எப்படி அந்த ஓட்டம் ஓடி வந்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

செயினை இழுக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பழைய பெட்டியில் செயின் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு மேலே கையை வைத்தேன். வழவழவென்று தகரம்தான் இருந்தது. அந்தப் பக்கம் தேடினேன். அங்கேயும் இல்லை. ஆட்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். காலேஜ் பெண்தான் சிவப்புக் கைப்பிடி ஒன்றைக் காட்டி, "அக்கா, இதுதான். ஆனா இங்க நின்னா நடுவயல்ல இறங்கணும். திரும்பிப்போக ஒரு வண்டியும் கெடைக்காது. அடுத்த ஸ்டேஷன் வந்துடும்க்கா, அங்கேர்ந்து ரோடு பக்கம்" என்றாள். வெளியே பார்த்தேன். கரும்பு. கரும்புக்கு அப்பால் கரும்பு. அவள் சொன்னது சரி என்று தலை சொல்லிற்று. கை மட்டும் அந்தச் சிவப்புப் பிடியை விடவில்லை. அவள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

நாத்தனார் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "யப்பா, நிறுத்துப்பா! கொழந்தை அங்க நிக்குது! பாக்குறியே, தெரியலையா?" யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பெட்டிக்குள் ஒரு குரல், மெதுவாக, அழகாக, அடுத்த நிலையத்தின் பேரைச் சொல்லியது. அந்தக் குரலைப் போல என்னைத் திடுக்கிட வைத்தது வேறு எதுவும் இல்லை. என் வயிறு எரிகிறது, அது கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி பேசுகிறது.

"போன் பண்ணுடி அவளுக்கு" என்று நாத்தனார் தன் போனைக் கொடுத்தார். என் போன் மகள் கையில் இருக்கிறதே! உயிர் வந்தது. போட்டேன். ஒரு ரிங். கட்.

மறுபடி போட்டேன். ஒரு ரிங்கூட முழுசாக அடிக்கவில்லை. கட்.

"இன்னாடி ஆச்சி?"

"கட் பண்றா அண்ணி."

"ஏன் கட் பண்றா? என் பேரு வருமே. என் போட்டோகூட வருமே."

 அவர் போட்டோ வருவதால்தான் கட் பண்ணுகிறாள். மெஷினில் இருக்கும்போது நாத்தனார் போன் வந்தால், "அத்தைதானே? கட் பண்ணுடா கண்ணு, அம்மா அப்புறம் பேசுறேன்" என்று எத்தனை நாள் சொல்லியிருப்பேன். குழந்தைதானே, ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். நாத்தனார் என்னைப் பார்த்தார். ஒரு கண்தான் சரியாகத் தெரிகிறது என்றாரே, அந்த ஒரு கண்ணுக்கே எல்லாம் தெரிந்துவிட்டது.

"நீ சொல்லிக்குடுத்தியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் காலேஜ் பெண்ணிடம் திரும்பி, "உன் போனுல போடும்மா" என்றார். அவள் போட்டாள். அதுவும் கட். தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே, பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஏமாற்றுவார்கள் என்று அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் போட்டார் நாத்தனார். ரிங் போயிற்று, எடுக்கவில்லை. அவர் கம்பெனியில் உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா நம்பர் என் போனில் இருக்கிறது. மனசில் எனக்கு என் நம்பரைத் தவிர வேறு ஒரு நம்பரும் இல்லை.

அப்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. அவள் கட் பண்ணுகிறாள் என்றால் அங்கே இருக்கிறாள். மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், கார்ட்டூன் பார்க்கிறாள், இடைஞ்சலாக இருக்கிறது என்று கோபப்படுகிறாள். எடுக்கவே வேண்டாம். கட் பண்ணினால் போதும். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். ரிங், கட். "இருக்குது அண்ணி." ரிங், கட். "இருக்குது." நாத்தனார் என் முதுகைத் தடவிக்கொண்டே, "கட் பண்ணுடி என் ராசாத்தி, நல்லா கட் பண்ணு" என்றார். தன் போனை ஒரு குழந்தை கட் பண்ண வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்புறம் ஒரு தடவை ரிங் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கட் ஆகவில்லை. எடுக்கவும் இல்லை. கடைசிவரை அடித்து, தானாக நின்றது.

மறுபடி போட்டேன். அதேபோல முழுசாக அடித்து நின்றது.

அந்த நிமிஷம் எனக்குள் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் வாழ்நாள் முழுக்கப் பயந்து பழகியவள். பயத்துக்கு என் உடம்பு பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பயமெல்லாம் வாய்க்குள் பேசுகிற பேச்சு. இது பேசவில்லை. காது அடைத்துப்போனது. எதிரில் இருக்கிறவர்கள் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. போன் மேடையில் கிடக்கிறது, அவள் மேடையில் இல்லை. அது மட்டும்தான் தெரிந்தது. தண்டவாளம் இரண்டு அடிக்குள் இருக்கிறது.

சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனில் நின்றது. வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை, அப்படித்தான் நின்றது. நான் குதித்தேன். பின்னாலேயே தொப் தொப் என்று பைகள் விழுந்தன. திரும்பினால் காலேஜ் பெண் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் இறங்குகிறார்.

"நீங்க ஏன் அண்ணி?"

"உன்ன இந்த நெலமையில தனியா அனுப்பிட்டு நான் விழுப்புரம் போய் சோறு துன்னணுமா? நடடி."

மாங்காய்ப் பை பிளாட்பாரத்தில் சாய்ந்து பாதிக் காய் உருண்டது. அவர் பைகளை இழுத்துக்கொண்டு நடந்தாரே தவிர, உருண்டதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் மாங்காயை விட்டுவிட்டு வருகிறார் என்றால் விஷயம் அவ்வளவு பெரியது.

வெளியே ஆட்டோ இல்லை. காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகப் போக இருந்த ஒரு குட்டியானை வேன் நின்றது. நாத்தனார் பைகளைக் கீழே போட்டுவிட்டு வண்டி முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

"இன்னா ஆயிடுச்சிம்மா?" என்றார் டிரைவர்.

"கொழந்தைய வில்லியனூர் ஸ்டேஷன்ல வுட்டுட்டு வந்துட்டோம்பா."

"வுட்டுட்டு வந்துட்டீங்களா! ரெண்டு பேரு இருந்தும்?"

"திட்டுறத ஓட்டிக்கினே திட்டுப்பா" என்றார் நாத்தனார்.

அவர் திட்டிக்கொண்டே ஓட்டினார். கண்டமங்கலத்தில் லாரி வரிசை, அரியூரில் ஒரு சாவு ஊர்வலம். பூ விழுந்து கிடந்த ரோட்டைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் தண்டவாளம் தெரிந்தது. திறந்துகொண்டேன். நாத்தனார் ரிங் விட்டபடியே இருந்தார். முழுசாக அடித்து அடித்து நின்றது. ஒரு கட்டத்தில் அவரே போனைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்பதற்குள் இறங்கினேன். மேடைக்கு ஓடினேன். மேடையில் யாரும் இல்லை. போனும் இல்லை. ஒரு செருப்பு கிடந்தது. மகளுடைய செருப்பு, ரோஸ் கலர், ஒன்றே ஒன்று.

நான் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் மூச்சு வாங்கியபடி வந்த நாத்தனார், "இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ரிங் விட்டார்.

கேட்டது. என் போன் பாட்டு. மெதுவாக, எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம். இருவரும் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனோம். டிக்கெட் கவுண்டர். கவுண்டருக்குள் மேஜை மேலே என் போன் சார்ஜரில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தார். கவுண்டர் பக்கத்துச் சுவரோரம், ஒரு காலில் செருப்போடு, என் மகள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் காத்திருப்பாளே, அதே மாதிரி.

"சார்ஜ் போயிடுச்சிம்மா" என்றாள். "இந்த அங்கிள்தான் போட்டாரு. அத்தை போன் பண்ணிப் பண்ணியே சார்ஜ் போயிடுச்சி."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளைத் தொட்டுப் பார்த்தேன். கை, கால், தலை. "கூசுதும்மா" என்று நெளிந்தாள்.

டிக்கெட் கொடுக்கிறவர் எட்டிப் பார்த்து, "உங்க கொழந்தையா? அம்மா எங்கன்னு கேட்டேன், ரயிலுக்குள்ள அத்தையோட பேசிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிச்சி. சரின்னு வுட்டுட்டேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

"ரயில் எப்பவோ போயிடுச்சேடி! நீ பாக்கலியா?" என்று கேட்டேன்.

மகள் எழுந்து வாசலுக்குப் போய்த் தண்டவாளத்தைப் பார்த்தாள். அப்போதுதான் பார்க்கிறாள். கண் பெரிசானது. "போயிடுச்சா? தடக்குன்னு சத்தமே வரலியே" என்றாள். அதுவரை சும்மா இருந்தவள் அந்த வெறும் தண்டவாளத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். ஓடி வந்து அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டே அம்மாவைக் காணோம் என்று அழுதாள். அவளைத் தேற்றுவதற்குள் எனக்கும் சேர்ந்து வந்துவிட்டது. யாரை யார் தேற்றுவது என்று தெரியாமல் இருவரும் அழுதோம்.

நாத்தனார் எதிரில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏண்டி, அத்தை போனை எதுக்குடி கட் பண்ண?"

"அம்மாதான் சொல்லிச்சி."

தப்பிக்க எனக்கு இடமே இல்லை. நாத்தனார் செருப்பை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, மகளின் காலில் மாட்டிவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "பசிக்குதுடி, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டில் சோறு போட்டேன்.  ரயிலில் பாதியில் விட்டதை அவர் இப்போது எதிரில் உட்கார்ந்து சொன்னார். எந்தக் கண், எந்த ஆஸ்பத்திரி, அவருக்கு எதில் பயம் என்று. கண்ணில் ஊசி போடும்போது கண் திறந்திருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லையாம். பயப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "ஆபரேஷனுக்கு நான் கூட வரேன் அண்ணி" என்றேன். "நீ வந்தா டாக்டரே பயந்துடுவாரு" என்றார். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்கால ரயிலுக்குத் திரும்பவும் ஸ்டேஷன் போனோம். மகள் கையை நான் பிடித்த பிடியில் அவள் விரல் சிவந்துவிட்டது. ரயில் வந்தது. நான் பைகளைத் தூக்கப் போனேன்.

"நீ ஏறாத" என்றார் நாத்தனார். "கீழயே நில்லு."

"பையி கனமா இருக்குது அண்ணி."

"மாங்கா பாதி அங்கயே உருண்டுடுச்சி. நான் தூக்கிப்பேன். நீ ஏறினா நான் இறங்கிடுவேன், பாத்துக்கோ."

ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு பையாக உள்ளே தள்ளி, தானே ஏறினார். அவர் என்னைக் கீழே நிற்கச் சொன்னது கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நான் மகளைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். ஊதல் கேட்டது. இந்தத் தடவை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றேன். அப்படியும் கிளம்பிய நொடி எனக்குப் பிடிபடவில்லை. நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டியிருந்தது. என் உடம்பு இன்னும் அந்தத் தடக்குக்குக் காத்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இன்றைக்கும் ஸ்டேஷன் பக்கம் போனால் அடித்துக்கொள்கிறது, மகள் வளர்ந்து என் தோள்வரை வந்த பிறகும்.

போன் அடித்தது. மகள்தான் வைத்திருந்தாள். திரையில் நாத்தனார் போட்டோ. அவள் விரல் தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போய், பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். வாங்கி எடுத்தேன்.

"ஏறிட்டீங்களா அண்ணி? உக்காந்துட்டீங்களா?"

"அதெல்லாம் உக்காந்துட்டேன்" என்றார். "நீ இறங்கிட்டியான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."